மரபணுவும் ஒரு பிரதிதான்

பிறப்பிலேயே எல்லாம் எழுதியாச்சு என்கிறவர்கள் இப்போது விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். தலையெழுத்து போய் மரபணு வந்திருக்கிறது. பிரெஞ்சு உயிரியலாளர் பிரான்சுவா ழாக்கோப், 1970இல் வந்த நூலில், பரம்பரையைச் செய்தி, நிரல் என்றுதான் விளக்கினார். ஆனால் அவரும் மொனோவும் 1961இல் காட்டியது என்ன? பால்சர்க்கரை கிடைத்தால்தான் பாக்டீரியா அதைச் செரிப்பதற்கான மரபணுக்களை முழுவீச்சில் இயக்குகிறது. எழுத்து இருந்தால் மட்டும் போதாது. சூழல் அதை வாசிக்க வைக்கணும்.

1975-76 வகுப்புகளில் தெரிதா, ழாக்கோப்பின் நூலை இலக்கியப் பிரதியைப் போலச் சொல் சொல்லாக வாசித்து, ‘நிரல்’, ‘பிரதி’ என்ற உருவகங்களைக் கேள்விக்குள்ளாக்கினார். அவ்வகுப்புகள் 2019இல்தான் நூலாயின.

உருவகத்தை உண்மைன்னு நம்பவைப்பதில்தான் அதிகாரம் இருக்கு. கட்டுடைப்பு கவிஞர்களின் விளையாட்டுன்னு ஒதுக்கும் தோழர்கள் இதை யோசிக்கணும். பிறப்பை வச்சு மனுசனை அளக்கிறவனிடம் உயிரியலையும் விட்டுக்கொடுக்க முடியாது, வாசிப்பையும் விட்டுக்கொடுக்க முடியாது.