60,000 வெள்ளிக்கு வெளியே 12 வாரங்கள்

2025 ஜூலை 1 அன்று மனிதவள அமைச்சின் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடப்புக்கு வந்தன. ஒன்று, வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியில் இரண்டாம் கட்டச் சீர்திருத்தம். மற்றொன்று, அவர்கள் இங்கே இத்தனை ஆண்டுதான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பு நீங்கியதும், வயது வரம்பு 60இலிருந்து 63க்கு உயர்ந்ததும். செய்தித்தாள்கள் இவற்றைத் தனித்தனியே எழுதின. இதய மறுவாழ்வில் இருக்கும் நாம் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

காப்புறுதி மாற்றம் நல்ல மாற்றம். 15,000 வெள்ளியாக இருந்த ஆண்டு வரம்பு 2023 ஜூலையிலேயே 60,000 ஆனது. முதல் 15,000 வரை காப்புறுதி நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு மேல் கால் பங்கை முதலாளி ஏற்க வேண்டும். இப்போது விலக்கு விதிகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி ஆகியுள்ளன. பணமும் மருத்துவமனைக்கு நேரடியாகப் போகிறது. முதலாளியின் கடிதத்துக்காக நோயாளியைக் காத்திருக்க வைத்த எவருக்கும் இதன் அருமை தெரியும்.

ஆனால் கட்டாயக் காப்பு, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையோடும் பகல்நேர அறுவையோடும் நின்றுவிடுகிறது. முதல் கட்ட மறுவாழ்வு வார்டில் முடிகிறது. இரண்டாம் கட்டம் வெளிநோயாளர் கணக்கு. தங்குவிடுதிவாசிகளுக்கு 2022 ஏப்ரலில் வந்த முதன்மைப் பராமரிப்புத் திட்டத்தில் சிறப்பு மருத்துவம் கிடையாது. மெடிசேவும் மெடிஷீல்டு லைஃபும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. ஸ்டென்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டியாகிவிட்டது. அதற்கடுத்த 12 வாரங்களுக்கு ஆளில்லை.

85 ஆய்வுகளைத் திரட்டிய 2021 காக்ரேன் அலசலை இங்கே விளக்கத் தேவையில்லை. மறுவாழ்வால் மறு மாரடைப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைகின்றன என்பதை எந்த நிதி அதிகாரியும் செலவுக் கணக்காகவே படித்துக்கொள்ளலாம்.

நமக்கு முக்கியமானது வயது. இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களின் முதல் மாரடைப்புக்கான சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. 63 வரை வேலை பார்க்கலாம் என்று கதவைத் திறந்தவர்கள், அந்த வயதுக்குள் வரப்போவது என்னவென்று நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 50 வயதைத் தாண்டியவருக்குத் தனிச் சந்தா விகிதம் வேறு வந்துவிட்டது. மாரடைப்பு கண்ட 54 வயது ஊழியரை வைத்துக்கொள்ள முதலாளிக்கு என்ன காரணம் இருக்கும்? ஒன்றுதான்: இவர் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று நாம் தரும் சான்று.

அந்தச் சான்றை எதை வைத்துத் தருவது? 11 முதல் 22 கிலோ வரை சுமந்து படியேறுவதற்கு ஏறத்தாழ 8 மெட் வேண்டும். ஆறு நிமிட நடைச் சோதனை அதைச் சொல்லாது. பளுவைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போது இரத்த அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதும், மார்பெலும்பு பிளந்து தைத்தவர் எப்போது பாரம் இழுக்கலாம் என்பதும் கண்காணிப்போடு படிப்படியாகப் பயிற்சி தந்தால்தான் தெரியும். இரண்டாம் கட்டம் இல்லையென்றால் மருத்துவர் தற்காப்புக்காக ‘இலகு வேலை மட்டும்’ என்று எழுதுகிறார். கட்டுமானத் தளத்தில் இலகு வேலை ஏது? அடுத்தது விமானச் சீட்டு. ஊரில் கடனோடு இறங்கும் அந்த மனிதரின் ஸ்டென்ட் நம் புள்ளிவிவரத்தில் வெற்றியாகப் பதிவாகிறது. பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் இதையே எழுதி வருகிறேன்.

மனிதவள அமைச்சுக்கும் சுகாதார அமைச்சுக்கும் இது எட்டவில்லை. வெளிநோயாளர் பராமரிப்பு முதலாளியின் கடமை என்கிறது ஒரு தரப்பு. வெளிநாட்டு ஊழியர் எங்கள் மானியத்தில் இல்லை என்கிறது மறுதரப்பு. ஒருவரை 63 வயது வரை உழைக்கக் கூப்பிடுகிற அரசு, அவருடைய இதயம் எந்த அமைச்சின் கோப்பு என்று முடிவு செய்யாமல் இருப்பது நியாயமில்லை. இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது பெரிதில்லை. மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸுக்குப் பிந்தைய 12 வார மறுவாழ்வை மருத்துவமனைச் சிகிச்சையின் தொடர்ச்சியாகக் குறைந்தபட்சக் காப்பில் சேர்க்க வேண்டும். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும், ஜாலான் புசாரில். வேலைக்குத் திரும்பியவருக்கு வார நாளில் விடுப்பு கிடைக்காது. ஞாயிறு அன்று சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையில் அவர்களே வந்து கூடுகிறார்கள். இந்தியாவில் 24 மையங்களில் 3,959 பேரிடம் நடந்த யோகா-கேர் ஆய்வில் பயிற்சி 12 வாரங்களில் 13 அமர்வுகளோடு முடிந்தது. பெரிய இதய நிகழ்வுகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை; பழைய அன்றாடச் செயல்களுக்குத் திரும்புவதில் தெரிந்தது. வாரம் தமிழில் ஒரு மறுவாழ்வு வகுப்பு, இடையில் தங்குவிடுதித் தாழ்வாரத்தில் நடை, தொலைபேசியில் விசாரிப்பு என்று அதையொட்டி நாம் தொடங்கலாம். உப்பையும் எண்ணெயையும் பற்றி நோயாளியிடம் மட்டும் பேசிப் பயனில்லை. சாப்பாடு கேட்டரிங்காரரிடமிருந்து வருகிறது, அவரையும் கூப்பிட வேண்டும்.

விதி மாறும்வரை ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு ஊழியரின் மருத்துவச் சிகிச்சைச் செலவு முதலாளியைச் சார்ந்தது என 2012 வேலை அனுமதி ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் ‘உடற்பயிற்சி நல்லது’ என்று எழுதாதீர்கள். ‘சிகிச்சையின் பகுதியாக இரண்டாம் கட்ட இதய மறுவாழ்வு’ என்று அமர்வு எண்ணிக்கையோடும், எட்ட வேண்டிய மெட் அளவோடும், மறுபரிசோதனைத் தேதியோடும் எழுதுங்கள். நகல் ஒன்று ஊழியர் கையில் இருக்கட்டும்.