வெயிலில் ஓடினால்தான் வைரம் பாயுமா?



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு படம். பத்தரை மணி வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார்கள். கீழே, "நாங்க ஓடாத வெயிலா?" என்று பெருமை வேறு. எனக்குக் கோபம்தான் வந்தது.

2019 செப்டம்பரில் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல் சூடு, தாங்க முடியாத புழுக்கம். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் மன உறுதி இல்லையா?

வியர்வை வழிந்தால் போதாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் கடலோரப் புழுக்கத்தில் அது எங்கே காய்கிறது? ரத்தம் கால் தசைக்கும் போக வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும். ஒரே இதயம் எவ்வளவுதான் இறைக்கும்?

"பழகினால் சரியாகிவிடும்" என்பீர்கள். பழகும். அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். விளையாட்டு விழாவன்று ஒரே நாளில் பழகாது.

நானும் குற்றவாளிதான். ஒரு வருடம் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் ஆறரை மணி ஓட்டத்தைப் பத்து மணிக்குத் தள்ளினோம். ஒரு பையன் மயங்கி விழுந்தான். "காலையில சாப்பிடலையா?" என்று அவனையே திட்டினேன். இன்றும் உறுத்துகிறது.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, ஓட்டத்தை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். விருந்தினர் பரிசு கொடுக்க வந்தால் போதும்.