சாப்பாட்டுக் காசுக்காகக் கணக்கையே முடக்குவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் பக்கம் டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும் சேர்த்து நடத்துகிறேன். எங்கோ நடந்த ஆன்லைன் மோசடிக்காக இங்கே உள்ள சிறு கடைக்காரர்களின் வங்கிக் கணக்கை மொத்தமாக முடக்கும் வழக்கத்தைக் கண்டித்து இதை எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் லாரி டிரைவர்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44ஆம் எண் சாலை இது. நாமக்கல் வண்டியும் நிற்கும், ராஜஸ்தான், பஞ்சாப் வண்டியும் நிற்கும். டிரைவருக்குப் படிக்காசை முதலாளி போனிலேயே போட்டுவிடுகிறார். கையில் ரொக்கம் வைத்திருப்பவரைப் பார்ப்பதே அபூர்வம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கல்லாப் பக்கம் வந்ததும் ஸ்கேன் செய்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சொல்கிறது. அடுத்த ஆளுக்கு இலை போடுகிறோம். பணம் போட்டவர் யார், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க எங்களிடம் எந்த வழியும் இல்லை. வந்த பணத்தை வேண்டாமென்று தள்ளவும் முடியாது.

அப்படி வந்த ஒரு 340 ரூபாய்க்காக என் கணக்கு முடங்கியது. ஒருநாள் காலையில் பால்காரருக்குப் பணம் அனுப்பப் போனேன், போகவில்லை. பாலன்ஸ் இருக்கிறது, பணம் மட்டும் நகரவில்லை. வங்கிக் கிளைக்குப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வட மாநிலம் ஒன்றில் யாரோ மோசடியில் பணத்தை இழந்து புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் கணக்குக் கணக்காகக் கைமாறி, அதில் ஒரு துளி என் கடையில் சாப்பிட்டவர் வழியாக எனக்கு வந்திருக்கிறது. “எங்க கையில ஒண்ணும் இல்லீங்க, அந்த ஸ்டேஷனுக்கு மெயில் போடுங்க” என்று கிளையில் ஒரு இமெயில் முகவரியை எழுதிக் கொடுத்தார்கள். மெயிலுக்குப் பதில் இல்லை. போனில் கிடைத்தவர் இந்தியில் பேசினார். ஆதார், கடை லைசென்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொல்கிறார் என்பதை, அப்போது கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர்தான் கேட்டுச் சொன்னார். 340 ரூபாய்க்காகக் கடையை அடைத்துவிட்டு ரயில் ஏறச் சொல்கிறார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், கணக்குக்குள் பணம் வருவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. ஸ்பீக்கர் பெட்டி நாள் முழுக்கத் தொகை சொல்லிக்கொண்டே இருந்தது. வந்ததில் ஒரு ரூபாயைக்கூட எடுக்க முடியவில்லை. மளிகைக்காரர் பொறுத்துக்கொண்டார். முட்டை அன்றைய விலைக்கு அன்றே பணம் கொடுத்து எடுக்க வேண்டியது. மாஸ்டருக்கு அன்றாடக் கூலி. கடைசியில் வார வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பு எரிந்தது. எங்களைப் போன்றவர்கள் கடைக்கென்று தனிக் கணக்கு வைப்பதில்லை. சேமிப்புக் கணக்கு ஒன்றுதான். பிள்ளையின் காலேஜ் பீஸ், குழுக் கடன் தவணை, கேஸ் மானியம் எல்லாம் அதிலேதான். அது முடங்கினால் கடையோடு வீடும் சேர்ந்து முடங்குகிறது.

மோசடியில் ஏமாந்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1930 என்ற எண்ணுக்குப் புகார் வந்ததுமே பணம் போன வழியைத் தேடிப் பிடித்து நிறுத்துவது நல்ல ஏற்பாடு. தாமதித்தால் பணம் பறந்துவிடும். அந்த 340 ரூபாயை நிறுத்தி வைக்கட்டும், வழக்கு முடிந்து உரியவருக்கே கொடுக்கட்டும். மீதிப் பணம் என்ன குற்றம் செய்தது? அதே டிரைவர் அதே பணத்தை ஏடிஎம்மில் எடுத்து நோட்டாகக் கொடுத்திருந்தால் யாராவது என் கல்லாவைப் பூட்டியிருப்பார்களா?

நான் கேட்பது புதிதல்ல. சந்தேகத்துக்கு உள்ளான தொகைக்கு மட்டுமே தடை இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இலேயே சொல்லிவிட்டது. 2024இல் நம் சென்னை உயர் நீதிமன்றமும், எவ்வளவு தொகை, எத்தனை காலத்துக்கு என்று சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது பிழைப்புக்கான உரிமையையே பறிப்பதாகும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் சந்தேகத் தொகை சுமார் இரண்டரை லட்சம், கணக்கில் இருந்ததோ ஒன்பது லட்சத்துக்கும் மேல். இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மீதியைப் பயன்படுத்த நீதிமன்றம் அனுமதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆவது பிரிவும், இப்படிக் கைப்பற்றியதைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால் உயர் நீதிமன்றம் போய் வக்கீல் வைக்க முடிந்தவருக்குக் கிடைக்கும் நியாயம், 340 ரூபாய்க்கு மாட்டிக்கொண்ட டீக்கடைக்காரருக்கு எப்படிக் கிடைக்கும்? கிளை மேலாளரிடம் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். “மேலிடத்திலிருந்து வந்தாத்தான் எடுப்போம்” என்றார்.

2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்றான பிறகு எங்களை யுபிஐ பக்கம் திருப்பியது அரசுதான். 2020 ஜனவரி முதல் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்றார்கள், அதை மனதார வரவேற்றோம். சிறு கடைகளில் நடக்கும் 2000 ரூபாய் வரையிலான யுபிஐ வரவுகளை ஊக்குவிக்க 2024-25ஆம் நிதியாண்டுக்கு மட்டும் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் 2000 கோடி முறைக்கு மேல் யுபிஐயில் பணம் கைமாறியது. அதில் எங்கள் டீயும் இட்லியும் சேர்ந்துதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் கடைசி ஆளாக நிற்கும் கடைக்காரருக்கு ஒரு பாதுகாப்பும் செய்யாமல் விட்டது எப்படி?

இப்போது எங்கள் சாலையில் சிலர் க்யூஆர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். தெரிந்த முகமாக இருந்தால் மட்டும் எடுத்து நீட்டுகிறார்கள். ரொக்கம் இல்லாத வெளியூர் டிரைவர் ராத்திரி பசியோடு அடுத்த கடை தேடிப் போகிறார். அவருக்கும் கஷ்டம், எங்களுக்கும் நஷ்டம்.

ரிசர்வ் வங்கியும் உள்துறை அமைச்சகமும் எல்லா வங்கிகளுக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கடைக்கு வந்த வியாபாரப் பணத்தில் பிரச்சினை என்றால் அந்தத் தொகையை மட்டும் நிறுத்துங்கள், கணக்கைத் தொடாதீர்கள். நிறுத்திய அன்றே எந்த ஸ்டேஷன், எந்தப் புகார் எண், எந்தத் தேதியில் வந்த எவ்வளவு பணம் என்பதைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். நான் இதைத் தெரிந்துகொள்ளவே கிளைக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. குறித்த நாளுக்குள் அந்தப் போலீஸ் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் தடை தானாக நீங்க வேண்டும்.

தமிழக அரசு செய்யக்கூடியதும் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் நம்மிடம் இருக்கிறது. எங்கள் பில், கடை லைசென்ஸ் ஆகியவற்றை அங்கேயே வாங்கிச் சரிபார்த்து, வெளி மாநிலப் போலீசுக்கு அவர்களே அனுப்பிவைத்தால் போதும், நாங்கள் மொழி தெரியாத ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாமக்கல், சேலம் மாவட்ட ஆட்சியர்கள் வங்கி அதிகாரிகளை அழைத்து, இரு மாவட்டங்களிலும் இப்படி முடங்கிக் கிடக்கும் சிறு வியாபாரிகளின் கணக்குகளைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதற்கான மனுவை நானும் பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து கொடுக்க இருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் வியாபாரிகள் கூச்சப்படாமல், வங்கி கொடுத்த கடிதத்தின் நகலோடு அங்கே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர்,
புதுச்சத்திரம், நாமக்கல் மாவட்டம்.