செத்தால்தான் விஷமா?

நாலு நாள். அதாவது 96 மணி நேரம். ஆலையிலிருந்து வெளியே வரும் கழிவுநீரில் மீன்களை விட வேண்டும். நாலு நாள் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருந்தால் அந்தத் தண்ணீர் பாஸ். 1986ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாவது அட்டவணையில், பி.ஓ.டி., சி.ஓ.டி., ஈயம், குரோமியம் என்று நீண்டு போகும் பட்டியலுக்கு நடுவில் இந்த ஒரு வரி இருக்கிறது. உயிருள்ள ஒன்றைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொல்லும் வரி அது ஒன்றுதான்.

சரி, ஐந்தாவது நாள் என்ன ஆச்சு? அந்த மீன் அப்புறம் இரை எடுத்ததா, முட்டை போட்டதா, குஞ்சு பொரித்ததா? விதியில் அந்தக் கேள்வியே கிடையாது. சாகவில்லையா, சந்தோஷம், போய் வா.

கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். ஆனால் இந்த விஷயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஏனென்றால் எங்கள் தொழிலிலும் இதே வியாதி உண்டு. ஒரு கடன் கணக்கில் 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக்கடன். 2004 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கியின் கணக்கு அது. ஆனால் 89ஆவது நாள் வரை அந்தக் கணக்கு ஆரோக்கியமாக இருந்தது என்று நினைத்தால் நம்மைப் போல ஏமாளி யாரும் இல்லை. கடை திறந்திருக்கும், முதலாளி சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பார். உள்ளே ஸ்டாக் கரைந்துகொண்டிருக்கும், கரண்ட் அக்கவுண்டில் வரவு சுருங்கிக்கொண்டே வரும். அதனால்தான் 2014ல் எஸ்.எம்.ஏ. என்று ஒரு முத்திரையைக் கொண்டுவந்து 30 நாளிலேயே, 60 நாளிலேயே பெயரைக் குறித்து வை என்றார்கள். செத்த பிறகு கணக்கெடுப்பது ஒன்று, நோய் வரும்போதே கண்டுபிடிப்பது இன்னொன்று.

தண்ணீருக்கும் அப்படி ஓர் எஸ்.எம்.ஏ. இருக்கிறது. அதைச் சொல்வது மீன் அல்ல. டாப்னியா என்கிற தண்ணீர்த் தெள்ளுப்பூச்சி. பெயர்தான் பூச்சி. உண்மையில் இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். பெரிதாக வளர்ந்தாலும் சில மில்லிமீட்டர்தான். உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இதயம் துடிப்பதும், முதுகுப் பக்கம் இருக்கும் பையில் குஞ்சுகள் வளர்வதும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியும். பச்சைப் பாசியைத் தின்னும். இதை மீன் குஞ்சு தின்னும். குளத்தின் பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை மூடினால் தெருவே பட்டினி.

இதை வைத்து ஓ.இ.சி.டி. இரண்டு விதமான சோதனை வகுத்திருக்கிறது. ஒன்று 48 மணி நேரச் சோதனை. பூச்சி நீந்துகிறதா, முடங்கிவிட்டதா என்று மட்டும் பார்ப்பது. நம் மீன் சோதனைக்குத் தம்பி. இன்னொன்று 21 நாள் சோதனை, எண் 211. பிறந்து ஒரு நாள் கூட ஆகாத பெண் பூச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் விட்டு, ரசாயனத்தைக் குறைந்தது ஐந்து அளவுகளில் கலந்து, மூன்று வாரம் சோறு போட்டு வளர்க்க வேண்டும். டாப்னியாவுக்கு ஆண் துணை தேவையில்லை. வசதியாக இருக்கும்வரை பெண்ணே பெண்ணைப் பெற்றுக்கொண்டு போகும். பிறக்கும் குஞ்சுகளை எடுத்து எண்ணி எழுத வேண்டும். ரசாயனம் கலக்காத சுத்தமான குவளையில் ஒரு தாய்க்குச் சராசரி 60 குஞ்சாவது பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சோதனையும் செல்லாது. (எங்கள் ஆடிட்டர்கள் கூட இவ்வளவு கறார் இல்லை.)

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். 48 மணி நேரத்தில் ஒன்றுமே ஆகாத அளவில், 21 நாளில் குஞ்சு பாதியாகக் குறையலாம். தாய் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும். வம்சம்தான் இருக்காது. கொசுப் புழுவுக்குப் போடும் பைரிப்ராக்சிஃபென் என்ற மருந்து இன்னும் விசித்திரம். மிகக் குறைந்த அளவிலேயே டாப்னியா பெண் குஞ்சுக்குப் பதில் ஆண் குஞ்சாகப் பெற ஆரம்பிக்கிறது. பூச்சியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல வேஷம் போடும் மருந்து அது. தாய்க்கு ஒரு கீறல் இல்லை. 96 மணி நேர மீன் சோதனையில் இதையெல்லாம் எந்த ஜென்மத்தில் கண்டுபிடிப்பது?

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்தச் சோதனை செய்யும் திறமை நம்மிடம் இல்லாமலில்லை. ஐரோப்பாவின் ரீச் சட்டம் 2007ல் வந்தது. வருஷத்துக்கு ஒரு டன்னைத் தாண்டும் ரசாயனம் என்றாலே டாப்னியா சோதனை கேட்பார்கள். 100 டன்னைத் தாண்டினால் நீண்டகாலச் சோதனைப் பட்டியலும் சேர்ந்துகொள்ளும். நம்மிடம் ஆய்வுக்கூடங்களின் தரத்தைக் கண்காணிக்க 2002லேயே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் ஓர் அமைப்பு வந்துவிட்டது. 2011ல் ஓ.இ.சி.டி.யின் பரஸ்பர ஏற்பு ஏற்பாட்டில் இந்தியா முழுமையாகச் சேர்ந்தது. அதாவது அந்த அமைப்பின் சான்று பெற்ற கூடத்தில் இங்கே எண்ணும் குஞ்சுக் கணக்கை அங்கே மறுபடி எண்ணாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். சென்னைப் பக்கம் படப்பையில் இருக்கும் ஐ.ஐ.பி.ஏ.டி. (பழைய ஆட்களுக்கு ஃபிப்பாட் என்றால் தெரியும்) போன்ற இடங்கள் இந்தத் துறையில் பல வருஷமாக இருக்கின்றன. ஐரோப்பிய ஆற்றுக்கு 21 நாள், நம் ஆற்றுக்கு நாலு நாள். ஏற்றுமதிக்கு முதல் தரம், வீட்டுக்குக் கழிவு ரகம். முந்திரிப் பருப்புக் கதைதான்.

இதை மாஹிமில் உட்கார்ந்துகொண்டு எழுதக் காரணம் மித்தி. விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் தண்ணீர்தான் மித்தி. சாக்கிநாக்கா, குர்லா, பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ், தாராவி என்று சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. மேலே நல்ல தண்ணீர். கீழே வரும்போது என்னவென்று மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே லோக்கல் ரயிலில் போகிறவர்களுக்கு மூக்கே சொல்லும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோதுதான் இப்படி ஓர் ஆறு ஊருக்குள் இருப்பதே பலருக்கு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் ஆணையம் வந்தது, அகலப்படுத்தினார்கள், சுவர் கட்டினார்கள், தூர் வாரினார்கள். தூர் வாரியதிலேயே 65 கோடி ரூபாய் மோசடி என்று 2025 மே மாதம் மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. எத்தனை டன் சேறு என்பதுதான் அளவுகோல் என்றால் பில்லில் சேறுதானே ஏறும்?

அடுத்து வருவது சுத்திகரிப்பு நிலையங்கள். தாராவி, பாந்திரா, வொர்லி உட்பட ஏழு இடங்களில் கட்ட 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம். தலைமுறை தலைமுறையாக அந்த நாற்றத்தில் குடித்தனம் நடத்தும் நம் ஜனங்களுக்கு முதலில் அது தேவை.

உடனே ஒரு நியாயமான கேள்வி வரும். "சாக்கடையே நிற்கவில்லை, இதில் டாப்னியாவை விட்டு என்ன எண்ணப் போகிறீர்கள்?" உண்மைதான். மித்தியின் சாக்கடைத் தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லாமலே பூச்சி செத்துவிடும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ரயில் ஜன்னல் போதும்.

ஆனால் என் பயம் சாக்கடை நின்ற பிறகு வரும் காலத்தைப் பற்றியது. தண்ணீர் தெளியும். நாற்றம் போகும். பி.ஓ.டி. எண் அழகாக இருக்கும். ரிப்பன் வெட்டுவார்கள். மலத்தையும் சோற்றுக் கழிவையும் தின்னும் பாக்டீரியா, சாயத்தையும் உலோகத்தையும் பூச்சிமருந்தையும் அப்படியே தின்றுவிடாது. குர்லாப் பக்கம் ரசாயனப் பீப்பாய் கழுவுகிறார்கள். வேறு இடத்தில் உலோகப் பூச்சு, சாயம், பிளாஸ்டிக் கழுவுதல். இவையெல்லாம் துளித்துளியாகச் சேர்ந்த கலவையில் ஒவ்வொரு ரசாயனமும் தனித்தனியே விதிக்குள் இருக்கலாம். சேர்ந்தால் என்ன செய்யும் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. உயிரை விட்டுத்தான் பார்க்க வேண்டும். அதுவும் நாலு நாளுக்கு மேல்.

தெளிந்த தண்ணீரை நம்பக் கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. விட்டுப் போனது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு. மழைக்கு மழை கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. இதில் ஒரு தமாஷ் (சிரிக்கத்தான் முடியவில்லை). உலகமெங்கும் டாப்னியா சோதனைக் கூடங்களில் பூச்சி நல்ல நிலையில் இருக்கிறதா என்று சரிபார்க்கப் போடும் விஷமே அந்தக் குடும்பம்தான். பொட்டாசியம் டைகுரோமேட். லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் 24 மணி நேரத்தில் பாதிப் பூச்சிகள் முடங்க வேண்டும். இது சீக்கிரம் முடக்கும் கணக்கு. நீண்டகாலக் கணக்கில் இந்த வகைக் குரோமியத்துக்கு அமெரிக்கா நன்னீரில் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 11 மைக்ரோகிராம். நம் விதிப்படி ஆலை வெளியே விடலாம் என்பது 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று ஆற்று நீருக்கு, இன்னொன்று ஆற்றில் கலக்கும் முன் உள்ள கழிவுக்கு. ஆற்றில் தண்ணீர் ஓடி அதைக் கரைக்கும் என்பது சட்டத்தின் நம்பிக்கை. பாலாற்றில் வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று வாணியம்பாடிக்காரரைக் கேளுங்கள். மித்தியில் நாலு மாத மழை போனால் மீதி எட்டு மாதம் ஓடுவதே கழிவுதான். எதை எதில் கரைப்பது?

பாலாற்றுத் தோல் ஆலை வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், கெடுதல் வரும் என்று முழு நிரூபணம் கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாது, கெடுதல் இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் செய்பவருக்கு என்றது. நாடு முழுக்க மேற்கோள் காட்டும் தீர்ப்பு. அதற்கு ஏற்ற சோதனை மட்டும் அந்த அட்டவணையில் ஏறவில்லை.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்? அங்கே 21 நாள் கூடக் காத்திருப்பதில்லை. செரியோடாப்னியா என்று இன்னும் சின்னப் பூச்சி. ஒரு வாரத்துக்குள் மூன்று ஈடு குஞ்சு போட்டுவிடும். 1984ல் மவுண்ட், நார்பெர்க் என்ற இருவர் ஏழு நாள் சோதனையாக இதை வெளியிட்டார்கள். அப்புறம் அது கழிவுநீர் அனுமதிக்கான அதிகாரபூர்வ முறைகளில் ஒன்றானது. ரசாயனத்தைப் பிரித்துப் பார்க்காமல், குழாயிலிருந்து வரும் தண்ணீரை அப்படியே எடுத்து, பூச்சி பிழைக்கிறதா, பெறுகிறதா என்று பார்க்கிறார்கள். தவறினால் மேல்நோக்கிப் போய் எது காரணம் என்று தேட வேண்டும்.

எனக்குத் தெரிந்து ஆட்சேபம் சொல்லக் கூடியவர்கள் தாராவியிலேயே இருக்கிறார்கள். சின்னப் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள். பிழைப்பில் மண் என்பார்கள். பட்டறை பட்டறையாகப் போய்ப் பூச்சி விடு என்று நான் சொல்லவில்லை, அது லஞ்சத்துக்குத்தான் வழி. ஏழு சுத்திகரிப்பு நிலையங்களின் வெளிவாசலில், மித்தியில் விழும் பெரிய நாலாக்களின் வாயில் வருஷத்துக்கு நாலு தடவை செய்யட்டும். முடிவை வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். காண்டிராக்டருக்குக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் ஒரு தடவை கட்டாயம் செய்யட்டும். (கடைசித் தவணையைப் பிடித்து வைத்தால் வேலை எப்படி நடக்கும் என்பது மட்டும் எனக்கு அனுபவபூர்வமாகத் தெரியும்.)

தாராவிக்கு மேற்கே அலை ஏறி இறங்குவதால் உப்புத் தண்ணீர். அங்கே டாப்னியா தாங்காது. கடல் இனத்தில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும். மாஹிம் கோலிவாடாவில் வலை போடுகிறவர்களுக்குக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது என்பதால் அதையும் விட்டுவிடக் கூடாது.

பி.கு: டாப்னியா மேக்னா குளிர்ப் பிரதேசத்து ஆள். 20 டிகிரியில் வைத்து வளர்க்கச் சொல்கிறது ஓ.இ.சி.டி. நம் தண்ணீர் அதைவிடச் சூடு. அதற்கு நம் குளங்களிலேயே மொய்னா என்று ஓர் ஒன்றுவிட்ட தங்கை உண்டு. சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்கு இரையாகப் போடுவது அதைத்தான். அதையே வைத்து, நம் வெப்பத்துக்கு, நம் செலவுக்குள் ஒரு முறையை இந்தியத் தர நிர்ணய அமைப்பு எழுதிக் கொடுக்கலாம். கழிவுநீரில் மீன் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு அவர்கள் 1971லேயே எழுதிக் கொடுத்தவர்கள்தான்.