மூஞ்சிக்கு நேரே நீட்டுகிற பிள்ளையும் சிரிக்கிற நாமும்

போன ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஒரு பையன் என் மகளின் கண்ணுக்கு நேரே துப்பாக்கியை நீட்டிச் சுட்டான். ஆறு வயசிருக்கும். பொட்டு வெடி வைக்கிற பொம்மைத் துப்பாக்கிதான். அவள் மிரண்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். பையனின் அப்பா செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, "இன்னொரு தடவை சுடுறா" என்று சிரித்தார்.

அவர் ஒருவருக்காக இதை எழுதவில்லை. திருவிழாக் கடையில் பேரம் பேசி அதை வாங்கிக் கொடுக்கிற நம் எல்லோருக்கும்தான்.

கண் நோவு தீர வேண்டி ஆத்தாளுக்குக் கண்மலர் சாத்துகிற கோயில் அது. அங்கே வைத்தா பிள்ளையைக் கண்ணுக்குக் குறிபார்க்கப் பழக்குவது? வெடிமருந்து என்ன செய்யும் என்று சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா? 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு வெடிக்கிற துப்பாக்கியோடு விளையாடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிலருக்குப் பார்வையே போயிற்று.

காயம் ஒரு பக்கம். என்னை அதைவிட உறுத்துவது அந்தச் சிரிப்பு. அன்றைக்கு வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் லட்சக்கணக்கான ஜனம் தோளோடு தோள் இடித்து நின்றது. காலை மிதித்தார்கள், வரிசைக்குள் புகுந்தார்கள். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் "விடுங்கப்பா" என்றதும் விட்டார்கள். எதிராளி மடியில் துப்பாக்கி இருக்காது என்று இருவருக்கும் தெரியும். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் அதை வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் உள்ளவர்களையும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் அந்த நிம்மதி கிடையாது. கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவில் 2014 நவம்பரில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்த 12 வயதுப் பையனை, போலீஸ் வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டார்கள். மறுநாள் இறந்துபோனான். கையில் இருப்பது நிஜமாகவும் இருக்கலாம் என்ற பயம் அங்கே எல்லோருக்கும் உண்டு. நமக்கு இல்லை. அதனால்தான் அந்த அப்பாவால் சிரிக்க முடிந்தது. அந்தக் கொடுப்பினையை வைத்துக்கொண்டு, மிரண்ட குழந்தையைப் பார்த்துச் சிரிக்கவா பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம்?

விளையாட்டுத்தானே என்று சொல்லாதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால், கடை வாசலிலேயே சொல்லிக் கொடுங்கள்: மனுஷர் பக்கம் நீட்டக் கூடாது, ஆட்டுக்குட்டி பக்கமும் கூடாது. நீட்டினால் பிடுங்கி வையுங்கள், அழட்டும்.

என் மகள் சாத்தூர் வரும்வரை பஸ்ஸில் கண்ணைப் பொத்திக்கொண்டே வந்தாள்.