பெயரும் ஒரு சான்றே

கருமருந்து ரிவால்வர் சேகரிப்போரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. வரலாற்றுத் துல்லியமே முதன்மை என்கிறது ஒரு தரப்பு. வாங்குபவரின் விருப்பமே போதும் என்கிறது மற்றொன்று. பின்னதன் வாதம் எளிது: இவற்றில் பெரும்பாலானவை இத்தாலியில் செய்யப்படும் நகல்கள், நகலுக்கு எதற்குத் துல்லியம்?

கோல்ட் நிறுவனம் 1850 முதல் 1873 வரை உருவாக்கிய 'நேவி' ரிவால்வர் 36 காலிபர் கொண்டது. அதன் சட்டகம் இரும்பு. விசைக்காப்பும் கைப்பிடியின் முதுகுப்பட்டையுமே பொதுவாகப் பித்தளை. இன்றோ பித்தளைச் சட்டகமும் 44 காலிபரும் கொண்ட ஒரு பொருள் '1851 நேவி' என்று விற்கப்படுகிறது. அப்படியொன்றை அக்காலத்தில் கோல்ட் விற்றதே இல்லை. எனவே அது எதன் நகலும் அன்று.

பித்தளைச் சட்டகத்துக்கென்று ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஸ்வோல்ட்வில்லில், தென்மாநிலக் கூட்டமைப்புக்காக, 3,000க்கும் மேற்பட்ட பித்தளைச் சட்டக ரிவால்வர்கள் செய்யப்பட்டன. பித்தளையைத் தேர்ந்தது அழகுணர்ச்சி அன்று; இரும்புப் பஞ்சம். அவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கருப்பின மக்கள். 1864 நவம்பரில் வடபகுதிக் குதிரைப்படை அத்தொழிற்சாலையை எரித்தது. அந்தப் பித்தளையின் மீது கோல்ட்டின் பெயரைப் பொறிக்கும்போது பஞ்சமும் அடிமை உழைப்பும் ஒருசேர மறைகின்றன. எஞ்சுவது பளபளப்பு மட்டுமே.

துல்லியம் பேசும் தரப்பும் குற்றமற்றதன்று. '1858 ரெமிங்டன்' என்று அத்தரப்பினரும் தயக்கமின்றிச் சொல்கின்றனர். 1858 என்பது குழலில் பொறிக்கப்பட்ட காப்புரிமை ஆண்டு. அவர்கள் குறிப்பிடும் 'நியூ மாடல் ஆர்மி' உற்பத்திக்கு வந்தது 1863இல். திருகாணியின் நிறத்துக்காகச் சண்டையிடுவோர் ஐந்தாண்டுப் பிழையைப் பெயரிலேயே சுமந்து திரிகின்றனர்.

வழக்கே பெயரை நிலைநாட்டுகிறது, ஆகவே இதில் பிழையேது என்று கேட்கலாம். வெறும் பெயருக்கு அது பொருந்தும். ஆனால் ஆண்டு வெறும் ஒலியன்று. அது ஒரு கூற்று. கூற்று மெய்யாகவோ பொய்யாகவோதான் இருக்க முடியும். எத்தனை பேர் சொன்னாலும் 1863 என்பது 1858 ஆகாது.

நவீன விருப்பம் தன்னளவில் இழிவானதன்று. ரூகர் நிறுவனம் 1972இல் வெளியிட்ட 'ஓல்டு ஆர்மி' கருமருந்தால் சுடுவது. எனினும் நவீன எஃகாலானது, சரிசெய்யத்தக்க குறிமுனையும் உடையது. எந்தப் பழைய மாதிரியின் நகல் என்றும் அது சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வகையில், ஆண்டு பொறித்துப் பொய் சொல்லும் பித்தளை நகலைவிட அதுவே நேர்மையானது.

ஆகவே கேட்கப்பட வேண்டியது விருப்பத்தைக் கைவிடுமாறு அன்று. விரும்பியதைச் செய்யட்டும், விரும்பியதை வாங்கட்டும். அதை வரலாறு என்று பெயரிடாதிருக்கட்டும். ஆவணங்கள் மட்டுமே சான்றுகள் அல்ல. அடுத்த தலைமுறை கையிலெடுத்துப் பார்க்கும் பொருளும், அதன் பெயரும் சான்றுகளே.