பெட்டிக்குள் துப்பாக்கி

கிருஷ்ணன்கோவில் மாமா கல்யாணத்துக்காக மதுரையில் வந்து தங்கினார். விடுதிப் பலகையில், ‘ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தது. மாமாவின் பெட்டியிலோ, வேட்டிகளுக்கு அடியில் கைத்துப்பாக்கி!

“லைசென்ஸ் இருக்கிறதம்மா. வெளியே கொண்டுபோனால் உறையில் மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளே சொல்கின்றன” என்றார்.

“ஊர் மிரளாமல் மூடுவது வேறு, இடம் கொடுத்தவரிடம் மறைப்பது வேறு, மாமா. 1967-ல் ராமாவரம் தோட்டத்துக்கு வந்த விருந்தாளி எம்.ஆர். ராதாவிடமும் துப்பாக்கி இருந்தது. குண்டு பாய்ந்து எம்.ஜி.ஆரின் குரலே மாறிப் போயிற்று! உங்களுக்குக் கெட்ட எண்ணமில்லை. ஆனால், குழந்தைகள் சீப்புத் தேடிப் பெட்டியைத் திறந்தால்?”

மாமா பேசவில்லை. லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீதுடன் திரும்பினார். மறுநாள் காலை சொன்னார்: “காவலுக்கு வாங்கியதற்கு நானல்லவா காவலிருந்தேன்! நேற்றுத்தான் தூங்கினேன்.”